தீர்மானம் போட்டது காங்கிரஸ்... தூண் நட்டது லாட்ஜ்! ஜோசப் வாரனை அமெரிக்கா நினைவில் வைத்த கதை

2025 ஜூன் 17-ம் தேதியோடு பங்கர் ஹில் போருக்கு 250 ஆண்டுகள் நிறைந்தன. 2026 ஜூலை 4, அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் 250-வது ஆண்டு. இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி அமெரிக்காவில் ஒரு பழைய கேள்வி மறுபடியும் சூடு பிடித்திருக்கிறது. நாட்டுக்காகப் போரில் இறந்தவர்களை யார் நினைவில் வைப்பது? அந்த நினைவுச்சின்னத்தில் என்ன எழுதுவது?

இந்தக் கேள்விக்கு நல்ல உதாரணம் ஒன்று பாஸ்டன் நகரத்திலேயே இருக்கிறது. ஜோசப் வாரன் என்ற மருத்துவர் 1775-ல் போர்க்களத்தில் இறந்தார். அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்புவோம் என்று நாடே தீர்மானம் போட்டது. ஆனா எழுப்பியது அரசு இல்லை. உள்ளூர் ஃப்ரீமேசன் லாட்ஜ் ஒன்று அதைச் செய்தது. ஏன் அப்படி? அதில் யார் பெயர் இருந்தது, யார் பெயர் விடுபட்டது? பார்க்கலாம்.

யார் இந்த ஜோசப் வாரன்?

அமெரிக்க சுதந்திரப் போர் என்றாலே நமக்கு ஜார்ஜ் வாஷிங்டன், தாமஸ் ஜெஃபர்சன் பெயர்கள்தான் நினைவுக்கு வரும். வாரன் அந்தப் பட்டியலுக்குள் வராமல் போனதற்கு ஒரே காரணம், அவர் சீக்கிரமே இறந்துவிட்டார்.

1741-ல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ராக்ஸ்பரியில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்தார். மருத்துவராகப் பெயர் எடுத்தார். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான அரசியலில் இறங்கி, பாஸ்டனின் முக்கியப் பேச்சாளர்களில் ஒருவரானார். 1775 ஏப்ரல் 18 இரவு, பிரிட்டிஷ் படை கிளம்பப்போகிறது என்று எச்சரிக்க பால் ரெவியரையும் வில்லியம் டாஸையும் குதிரையில் அனுப்பி வைத்தவர் இவர்தான். ரெவியரின் அந்த ராத்திரிப் பயணம் அமெரிக்கக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அனுப்பியவர் பெயர் அந்த அளவுக்குத் தெரியாது.

மாசசூசெட்ஸின் மாகாண காங்கிரஸுக்கு அவர் தலைவராகவும் இருந்தார். இறப்பதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 14 அன்று, மேஜர் ஜெனரலாகத் தேர்வு செய்யப்பட்டார். நியமன உத்தரவு கைக்கு வருவதற்குள் போர் வந்துவிட்டது.

அதென்ன லாட்ஜ்?

லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரூம் எடுக்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். ஃப்ரீமேசன் என்பது ஆண்களுக்கான ஒரு சகோதரத்துவ அமைப்பு. அதன் உள்ளூர்க் கிளைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர். ஐரோப்பாவில் கட்டடம் கட்டிய கல்தச்சர்களின் சங்க மரபைப் பின்பற்றி உருவானது. 1717-ல் லண்டனில் முதல் கிராண்ட் லாட்ஜ் அமைந்தது. கவராயமும் மூலைமட்டமும் அதன் சின்னங்கள். சென்னை எழும்பூரில் இன்றும் ஒரு ஃப்ரீமேசன்ஸ் ஹால் இருக்கிறது.

ரகசியச் சடங்குகள் இருப்பதால் யூடியூப் முழுக்க ஃப்ரீமேசன்கள் பற்றிச் சதிக்கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. அதையெல்லாம் ஓரமாக வைப்போம். 18-ம் நூற்றாண்டில் ஒருவர் லாட்ஜில் சேர்ந்தால் நடைமுறையில் என்ன கிடைத்தது? வேறு வேறு தொழில் செய்பவர்கள் சமமாக உட்காரும் ஓர் இடம் கிடைத்தது. கஷ்டத்தில் இருக்கும் உறுப்பினருக்கும், இறந்தவரின் மனைவி, பிள்ளைகளுக்கும் உதவ வேண்டும் என்ற கடமை உறுப்பினர்களுக்கு இருந்தது. இறந்தவரை மரியாதையோடு அடக்கம் செய்வதும் அந்தக் கடமையில் அடக்கம். இன்ஷூரன்ஸ், பென்ஷன் இல்லாத காலத்தில் இது பெரிய விஷயம்.

வாரன் 1761-ல் பாஸ்டனின் செயின்ட் ஆண்ட்ரூஸ் லாட்ஜில் சேர்ந்தார். வெள்ளிப் பட்டறை வைத்திருந்த பால் ரெவியரும் அதே லாட்ஜ்தான். 1769-ல் ஸ்காட்லாந்து கிராண்ட் லாட்ஜின் கீழ் வாரன் கிராண்ட் மாஸ்டராகவே ஆனார். அதாவது, அந்த வட்டாரத்தில் அந்த அமைப்புக்குத் தலைவர்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் ராணுவ ரெஜிமென்ட்டுகளிலும் லாட்ஜ்கள் இருந்தன. அப்போ, போர் தொடங்கியபோது இரண்டு பக்கமும் 'சகோதரர்கள்' துப்பாக்கியோடு நின்றார்கள்.

அன்று மலையில் என்ன நடந்தது?

1775 ஜூன் 16 இரவு, குடியேற்றவாசிகளின் படை சார்ல்ஸ்டவுன் தீபகற்பத்தில் மண்ணை வெட்டி ஒரு சிறிய அரண் எழுப்பியது. போருக்குப் பங்கர் ஹில் என்று பெயர் வந்தாலும், அரண் இருந்தது பக்கத்திலேயே இருக்கும் பிரீட்ஸ் ஹில் என்ற குன்றில்தான்.

மறுநாள் வாரன் அங்கே வந்தார். ஜெனரலாகத் தேர்வானவர் என்பதால், களத்தில் இருந்த இஸ்ரேல் புட்னம் அவரைத் தலைமை ஏற்கச் சொன்னார். வாரன் மறுத்தார். உத்தரவு இன்னும் வரவில்லை, அனுபவமும் தனக்கு இல்லை, சாதாரணத் தன்னார்வலராகவே நிற்கிறேன் என்று அரணுக்குள் போனார்.

பிரிட்டிஷ் படை இரண்டு முறை ஏறி வந்து, இரண்டு முறையும் அடி வாங்கித் திரும்பியது. மூன்றாவது முறை, அரணுக்குள் இருந்தவர்களிடம் வெடிமருந்து தீர்ந்துபோனது. பின்வாங்கும் நேரத்தில் வாரன் தலையில் குண்டு பாய்ந்தது. அவருக்கு வயது 34. மனைவி இரண்டு வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டதால், நான்கு பிள்ளைகள் தாயும் தகப்பனும் இல்லாதவர்கள் ஆனார்கள்.

குன்று பிரிட்டிஷார் கைக்குப் போனது. ஆனா அதற்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம். இறந்தவர்கள் 226 பேர், காயம் பட்டவர்கள் 800-க்கும் மேல்.

உடலை அடையாளம் காட்டிய பல்

வாரனின் உடலை பிரிட்டிஷார் களத்திலேயே, வேறொருவரின் உடலோடு சேர்த்து, ஆழமில்லாத ஒரு குழியில் புதைத்துவிட்டார்கள். 1776 மார்ச்சில் பிரிட்டிஷ் படை பாஸ்டனைக் காலி செய்த பிறகுதான் குடும்பத்தாரும் நண்பர்களும் அந்தக் குழியைத் தோண்ட முடிந்தது.

ஒன்பது மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. ஆனா வாயில் கம்பியால் கட்டிய ஒரு செயற்கைப் பல் இருந்தது. அதைக் கட்டியவர் பால் ரெவியர். வெள்ளி வேலையோடு பல் கட்டும் வேலையும் அவர் செய்துவந்தார். தன் கைவேலையைப் பார்த்து, இது வாரன்தான் என்று சொன்னார். பல்லை வைத்து உடலை அடையாளம் கண்ட ஆரம்பகாலச் சம்பவங்களில் ஒன்றாக இது இன்றும் சொல்லப்படுகிறது.

1776 ஏப்ரல் 8 அன்று கிங்ஸ் சேப்பலில் இறுதிச் சடங்கு. லாட்ஜ் உறுப்பினர்கள் ஊர்வலத்தில் வந்தார்கள். இரங்கல் உரை ஆற்றிய பெரஸ் மார்ட்டனும் ஒரு ஃப்ரீமேசன்.

தீர்மானம் வந்தது, சின்னம் வரவில்லை

சரியாக ஒரு வருடம் கழித்து, 1777 ஏப்ரல் 8 அன்று கான்டினென்டல் காங்கிரஸ் ஒரு தீர்மானம் போட்டது. (நம்ம ஊர் கட்சி இல்லை, அன்றைய அமெரிக்கக் குடியேற்றங்களின் பொது அவை.) பாஸ்டனில் வாரனுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும், அவருடைய மூத்த மகனை நாட்டுச் செலவில் படிக்க வைக்க வேண்டும் என்பது முடிவு. பிரின்ஸ்டன் போரில் இறந்த ஜெனரல் ஹியூ மெர்சருக்கும் இதே மாதிரி ஒரு சின்னம் என்று முடிவானது. அவரும் லாட்ஜ் உறுப்பினர்தான்.

என்ன ஆச்சு? வாரனுக்குக் காங்கிரஸ் சொன்ன அந்தச் சின்னம் எழும்பவே இல்லை. மெர்சருக்கு ஃபிரெடரிக்ஸ்பர்கில் சிலை வைத்தது 1906-ல். அதாவது, 129 வருடங்கள் கழித்து.

இதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. போர் நடந்துகொண்டிருந்தது. காங்கிரஸிடம் வரி போடும் அதிகாரம் இல்லை. அச்சடித்த பணம் மதிப்பு இழந்துகொண்டே போனது. தீர்மானம் போடச் செலவில்லை, நிறைவேற்றத்தான் காசு வேண்டும். கௌரவிக்க மனசு இருந்தது, கஜானா இல்லை.

பிள்ளைகள் கதி? 1778-ல் ஒருவர் தன் சொந்தப் பணம் 500 டாலர் அனுப்பினார். அவர் பெயர் பெனடிக்ட் ஆர்னால்ட். ஆமாம், பின்னால் பிரிட்டிஷ் பக்கம் தாவி, அமெரிக்காவில் துரோகி என்ற சொல்லுக்கே மறுபெயராக ஆனவர்தான். 1780 ஜூலையில் காங்கிரஸ், கடைசிப் பிள்ளை பெரியவன் ஆகும்வரை ஒரு மேஜர் ஜெனரலின் பாதிச் சம்பளத்தைக் குடும்பத்துக்குத் தர ஒப்புக்கொண்டது. அதே வருடம் செப்டம்பரில் ஆர்னால்டின் துரோகம் வெளியே வந்தது. நினைவுச்சின்னம் எழுப்புகிறவர்களின் வரலாறு இவ்வளவு சிக்கலானது.

லாட்ஜ் நட்ட மரத்தூண்

போரில் எரிந்து சாம்பலான சார்ல்ஸ்டவுன் ஊர் திரும்ப எழுந்துவந்தது. 1783-ல் அங்கே கிங் சாலமன்ஸ் லாட்ஜ் தொடங்கப்பட்டது. காங்கிரஸ் தீர்மானம் போட்டுப் பதினேழு வருடங்கள் ஆகியும் குன்றில் ஒன்றும் நடக்காததைப் பார்த்த லாட்ஜ், தானே செய்துவிடுவது என்று இறங்கியது. 1794 டிசம்பர் 2 அன்று பிரீட்ஸ் ஹில்லில் ஒரு தூண் திறக்கப்பட்டது. 18 அடி உயர மரத்தூண். உச்சியில் ஒரு தங்கமுலாம் கலசம்.

வாரன் இந்த லாட்ஜைச் சேர்ந்தவரே இல்லை. அவர் இறந்து எட்டு வருடம் கழித்துத்தான் அந்த லாட்ஜே பிறந்தது. ஆனாலும் 'நம்ம கிராண்ட் மாஸ்டர் விழுந்த இடம் நம்ம ஊரில் இருக்கிறது' என்ற எண்ணம் போதுமானதாக இருந்தது. பெரிய அரசால் முடியாததை ஒரு சின்னக் குழு செய்ய முடிந்தது இதனால்தான். யாருக்குச் செய்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். கணக்குப் பார்க்க ஆள் உண்டு. சொன்னதைச் செய்யாவிட்டால் அடுத்த கூட்டத்தில் முகத்துக்கு நேரே கேட்பார்கள்.

ஆனா இந்த பலத்திலேயே ஒரு குறையும் இருக்கிறது. தூணில் பொறித்த வாசகத்தின் சாரம் இது: மேஜர் ஜெனரல் ஜோசப் வாரனும், அவரோடு இந்த இடத்தில் உயிர்விட்ட தோழர்களும் நினைவாக. வாரனுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு. மற்றவர்கள் 'தோழர்கள்'. அவ்வளவுதான். பெயரும் பெருமையும் எழுதி நடுகல் வைத்த மரபு தெரிந்த நமக்கு, அந்த ஒற்றைச் சொல் உறுத்தாமல் இருக்காது.

மரம் கிரானைட் ஆன கதை

மரத்தூண் எத்தனை நாள் தாங்கும்? 1823-ல் பங்கர் ஹில் நினைவுச்சின்னச் சங்கம் உருவானது. லாட்ஜ் தன் இடத்தையும் தூணையும் அந்தச் சங்கத்திடம் ஒப்படைத்தது. ஒரே நிபந்தனை: புதிதாக எது கட்டினாலும், பழைய தூண் இங்கே இருந்ததற்கு ஓர் அடையாளம் இருக்க வேண்டும்.

1825 ஜூன் 17, போரின் 50-வது ஆண்டு நாளில், பிரெஞ்சுத் தளபதி லாஃபயெட் கலந்துகொண்டு அடிக்கல் நாட்டினார். அவரும் ஃப்ரீமேசன். பிறகு பணம் தீர்ந்தது, வேலை நின்றது. சங்கம் போர்க்களத்து நிலத்தில் ஒரு பகுதியையே விற்க வேண்டி வந்தது. 1840-ல் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகையாசிரியர் முன்னின்று, பெண்கள் பாஸ்டனின் குவின்சி மார்க்கெட்டில் ஒரு விற்பனைக் கண்காட்சி நடத்தி 30,000 டாலருக்கு மேல் திரட்டிய பிறகுதான் வேலை முடிந்தது. 221 அடி உயரம், 294 படிகள்.

1843 ஜூன் 17 அன்று திறப்பு விழா. அதற்கு வராதவர் ஒருவர் உண்டு: முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். ஏழு வயதில் அம்மாவோடு தூரத்துக் குன்றிலிருந்து அந்தப் போரின் புகையைப் பார்த்தவர். சின்ன வயதில் அவருடைய விரலை வெட்டாமல் காப்பாற்றிய டாக்டரே வாரன்தான். அப்படிப்பட்டவர் ஏன் போகவில்லை? அடிமைகளை வைத்திருந்த அதிபர் ஜான் டைலர் அந்த விழாவுக்கு வந்தார். சுதந்திரத்துக்காக இறந்தவர்களின் சின்னத்துக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம் என்று ஆடம்ஸ் தன் டைரியில் கொதித்தார்.

'தோழர்கள்' யார்?

அந்தக் குன்றில் போரிட்டவர்களில் கறுப்பினத்தவரும் பூர்வகுடிகளும் இருந்தார்கள். அமெரிக்க தேசியப் பூங்கா சேவை வெளியிட்ட ஓர் ஆய்வு, பழைய படைப் பதிவேடுகளைத் தேடி அப்படி நூறு பேர் அளவுக்குப் பெயர்களை எடுத்தது. பீட்டர் சேலம், சேலம் பூர் இருவரும் அதில் தெரிந்த பெயர்கள். சேலம் பூரின் வீரத்தைப் பாராட்டி 14 அதிகாரிகள் 1775 டிசம்பரில் மனுவே கொடுத்தார்கள். அதே 14 பேரும் குன்றில் நின்ற மற்ற யாருக்கும் அப்படி மனு கொடுத்ததாகத் தெரியவில்லை.

1775 மார்ச் 6. அன்று வாரன் பாஸ்டனின் ஓல்ட் சவுத் மீட்டிங் ஹவுஸில் சுதந்திரம் பற்றித் தன் புகழ்பெற்ற உரையை ஆற்றினார். மரபாகச் சொல்லப்படும் வரலாற்றின்படி அதே தேதியில், பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பினத்தவரும் இன்னும் 14 பேரும் ஃப்ரீமேசன்களாகச் சேர்ந்தார்கள். சேர்ந்தது வாரனின் லாட்ஜில் இல்லை, பிரிட்டிஷ் ரெஜிமென்ட் ஒன்றின் லாட்ஜில்! பின்னாடி அவர்கள் தனி லாட்ஜ் அமைத்தபோது, அங்கீகாரத்தை 1784-ல் இங்கிலாந்திலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அமெரிக்க வெள்ளையர் கிராண்ட் லாட்ஜ்கள் அவர்களைச் சகோதரர்களாக ஏற்க மிக நீண்ட காலம் ஆனது. 1989-ல் கனெக்டிகட் ஏற்றுக்கொண்ட பிறகுதான் பல மாநிலங்கள் வரிசையாக மாறின.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சுதந்திரம் பேசிய அதே வாரன், 1770-ல் ஒரு கறுப்பினச் சிறுவனை விலைக்கு வாங்கியதற்கு ஆவணம் இருக்கிறது.

இறந்த மற்றவர்களின் பெயர்கள்? சார்ல்ஸ்டவுனில் அவை வெண்கலப் பலகையில் ஏறியது 1889-ல். போர் முடிந்து 114 வருடங்கள் கழித்து.

இப்போ என்ன சிக்கல்?

பங்கர் ஹில் சின்னம் இன்று தேசியப் பூங்கா சேவையின் பொறுப்பில் இருக்கிறது. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. 2025 மார்ச் 27 அன்று அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக உத்தரவு போட்டார். இந்த அமைச்சகத்தின் கீழ் இருக்கும் நினைவிடங்களில், கடந்த கால அல்லது இன்றைய அமெரிக்கர்களைத் தகாத முறையில் இழிவுபடுத்தும் வாசகங்கள் இருக்கக் கூடாது, நாட்டின் சாதனைகளே முன்னால் வர வேண்டும் என்பது அதன் சாரம். அந்த மாதிரி வாசகம் கண்ணில் பட்டால் சொல்லுங்கள் என்று பூங்காக்களில் கியூஆர் கோடு போட்ட அறிவிப்புகளும் வைக்கப்பட்டன.

ஆதரிப்பவர்கள் சொல்வது: வரலாறு என்றாலே குற்றப்பத்திரிகையா? உயிரைக் கொடுத்தவர்களை அவர்கள் செய்த தியாகத்துக்காக நினைப்பதில் என்ன தப்பு? எதிர்ப்பவர்கள் சொல்வது: அடிமைமுறை பற்றிய உண்மையை எழுதுவது இழிவுபடுத்துவது ஆகாது, அதை அழிப்பதுதான் வரலாற்றைத் திரிப்பது.

வாரனை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஜெனரல் பதவி கையில் இருந்தும் சாதாரண வீரனாக நின்று இறந்தார். உண்மை. ஒரு சிறுவனை விலைக்கு வாங்கினார். அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே பலகையில் எழுதினால் முதல் உண்மை சின்னதாகிவிடுமா?

ஆகாது என்றே தோன்றுகிறது. பக்கத்தில் நின்று சண்டை போட்ட கறுப்பின வீரர்களின் பெயர்களைச் சேர்த்தால் வாரனின் உயரம் ஓர் அங்குலமும் குறையாது. அந்தக் குன்றில் என்ன பந்தயம் வைக்கப்பட்டது, யாருக்கு அது கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பது அப்போதுதான் முழுசாகப் புரியும்.

லாட்ஜ் தன் சகோதரனை நினைத்தது. அது அதன் கடமை, அதைச் செய்தது. அதற்குமேல் ஒரு தனியார் குழுவிடம் எதிர்பார்க்க முடியாது. தன் ஆளைத் தேடிப் பார்த்து நினைப்பதுதான் எந்தக் குழுவுக்கும் இயல்பு. ஆனா அரசு எல்லோருக்கும் பொது. பொதுப் பணத்தில், பொது இடத்தில் நிற்கும் சின்னம், குழியில் வாரனோடு கிடந்த அந்த 'வேறொருவருக்கும்' சொந்தம். லாட்ஜ் செய்யாமல் விட்டதை நிரப்புவதுதான் அரசின் வேலை. அதையும் குறைத்துக்கொண்டால், 1794-ன் மரத்தூணைவிட ஒரு படி கீழே இறங்குவதாகத்தான் அர்த்தம்.

லாட்ஜ் போட்ட நிபந்தனை நிறைவேறியது. 1845-ல் பழைய தூணின் சலவைக்கல் மாதிரி ஒன்று கிரானைட் கோபுரத்தின் உள்ளே, அடிப்பகுதியில் வைக்கப்பட்டது. 294 படிகளையும் ஏறப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.